எல்டன் ரிங்: டேமேஜ் கணக்கும் அந்த ஒற்றை எழுத்தும்

விலை குறைந்த சமயமாகப் பார்த்து எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை வாங்கிய நண்பர் கேட்கிறார்: "டெக்ஸ் ஏத்திக்கிட்டே போறேன், அடி மட்டும் ஏறவே மாட்டேங்குது, ஏன்?" டெக்ஸ் என்பது டெக்ஸ்டரிட்டி, கைத்திறன்; ஸ்ட்ரெங்த் என்ற உடல்வலு மாதிரி, லெவல் ஏற்றும்போது நாம் கூட்டும் ஸ்டாட்களில் ஒன்று. 2022 பிப்ரவரியில் வந்த விளையாட்டு. இதன் உலகத்தையும் பாஸ் சண்டைகளையும் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இங்கே பேசப்போவது ஆயுதத் திரையில் ஸ்கேலிங் என்ற தலைப்பின் கீழ் நிற்கும் அந்த ஒற்றை எழுத்தைப் பற்றித்தான். ஒரு ஸ்டாட் ஏறினால் அந்த ஆயுதத்தின் அடி எவ்வளவு ஏறும் என்பதற்கான குறி அது.

முதலில் நண்பரின் கேள்வி. சாமுராய் பாத்திரத்தை எடுத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே உச்சிகட்டானா என்ற வாள் கையில் இருக்கும். அதன் அடிப்படைத் தாக்குதல் 115. டெக்ஸை 15-இலிருந்து 25-க்கு ஏற்றினாலும் அப்கிரேட் செய்யாத அந்த வாளில் கூடுவது ஒற்றை இலக்கம்தான். பத்து லெவலுக்கான ரூன், அதாவது விளையாட்டின் காசு, போனதுதான் மிச்சம். அதே வாளை மூன்று முறை அப்கிரேட் செய்து +3 ஆக்கிப் பாருங்கள். 2, 4, 6 என்று மொத்தம் 12 ஸ்மிதிங் ஸ்டோன் (அப்கிரேடுக்கான கல்) போதும்; அடிப்படை மட்டுமே 135-ஐத் தொட்டுவிடும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஸ்டாட் தரும் கூடுதல் டேமேஜ் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: ஆயுதத்தின் அடிப்படை, அதன் ஸ்கேலிங், உங்கள் ஸ்டாட் எட்டியிருக்கும் விழுக்காடு. அப்கிரேட் செய்யாத ஆயுதத்தில் முதல் இரண்டுமே சின்ன எண்கள். மூன்றாவதை எவ்வளவு ஏற்றினாலும் என்ன வந்துவிடும்? ஒவ்வொரு அப்கிரேடும் முதல் இரண்டையும் சேர்த்தே தூக்குகிறது. சாதாரண அஃபினிட்டியில் (ஆயுதத்துக்கு நாம் தேர்ந்தெடுக்கும் தன்மை இது) +25 ஆகும்போது அடிப்படை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு: 115 என்பது 281. ஸ்டாட் பேச ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

அதனால் வரிசை இது. ஆயுதத்தைத் தூக்கத் தேவையான அளவுக்கு மட்டும் ஸ்டாட். அந்தத் தேவைக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் தாக்குதலில் 40 விழுக்காடு போய்விடும் என்பதால் இதில் சமரசம் கிடையாது. அடுத்து, உயிரை ஏற்றும் விகர் ஸ்டாட் 40. உயிர் 1450 ஆகும். கையில் கிடைக்கும் கல் எல்லாம் ஒரே ஆயுதத்துக்கு. லியூர்னியா என்ற பகுதியில் ராயா லுகாரியா கிரிஸ்டல் டனல் என்று ஒரு சுரங்கம் இருக்கிறது. அங்குள்ள கிரிஸ்டாலியன் பாஸை முடித்தால் ஒரு பெல் பேரிங் (கடையில் புதுச் சரக்கைத் திறந்துவிடும் பொருள்) கிடைக்கும். அதை ரவுண்ட்டேபிள் என்ற தங்குமிடத்தில் கடை வைத்திருக்கும் இரட்டைக் கன்னிகளிடம் கொடுத்தால் முதல் இரண்டு நிலைக் கற்களை ரூன் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கலாம், அதாவது +6 வரை கல் தேடி அலைய வேண்டாம். டெக்ஸ், ஸ்ட்ரெங்த் எல்லாம் அதற்கப்புறம்.

இனி எரிச்சலுக்கு வருவோம். ஈ, டி, சி, பி, ஏ, எஸ் என்று ஆறு எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. விளையாட்டு அதை எந்தத் திரையிலும் காட்டாது. கோப்புகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும்: டி என்றால் 25 முதல் 59, சி என்றால் 60 முதல் 89, பி என்றால் 90 முதல் 139, ஏ என்றால் 140 முதல் 174, அதற்கு மேல் எஸ். பி-யின் அகலத்தைக் கவனியுங்கள். அடிப்படை 300 உள்ள இரண்டு ஆயுதங்கள், இரண்டிலும் ஸ்ட்ரெங்த் பி. ஒன்றின் உண்மையான எண் 95 (நூற்றுக்கு), இன்னொன்றுக்கு 135. ஸ்ட்ரெங்த் 60-இல், அதாவது ஸ்டாட்டின் விழுக்காடு 75 ஆகும்போது, முதலாவது தருவது 214, இரண்டாவது தருவது 304. ஒரே எழுத்துக்குள் 90 புள்ளி வித்தியாசம்! மார்க்கை மறைத்துவிட்டு கிரேடு மட்டும் போட்ட ரேங்க் கார்டு மாதிரிதான் இது. கொல்லன் ஹியூக் கிழவனிடம் அப்கிரேட் செய்யும்போது இன்னும் மோசம். டி என்பது 25-இலிருந்து 59 வரை; அதற்குள் எண் வளர்ந்துகொண்டே போகும். திரையில் அதே டி அசையாமல் நிற்கும். எண்ணைப் போட்டிருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

நியாயமாகச் சொன்னால் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். ஆயுதத்தைக் கையில் மாட்டிக்கொண்டு கிரேஸ் என்ற ஓய்விடத்தில் லெவல் ஏற்றும் திரைக்குப் போங்கள். ஒரு ஸ்டாட்டை ஒவ்வொன்றாக நகர்த்தினால் தாக்குதல் எண் எவ்வளவு மாறுகிறது என்று வலப்பக்கம் தெரியும். உறுதி செய்யாமல் வெளியே வந்துவிடலாம். கையில் இருக்கும் ரூன் அளவுக்குத்தான் நகர்த்த முடியும் என்பதால் செலவழிக்கும் முன் பார்ப்பது நல்லது.

ஸ்டாட் எட்டும் விழுக்காட்டிலும் சூட்சுமம் உண்டு. ஸ்ட்ரெங்த், டெக்ஸ் இரண்டுமே 60-இல் 75 விழுக்காட்டைத் தருகின்றன, 80-இல் 90. அங்கிருந்து 99 வரை 19 லெவல் ஏற்றினால் கூடுதலாக வருவது ஏறக்குறைய 5. எண்பதோடு நிறுத்தாதவர்கள் பிடிவாதக்காரர்கள்.

ஆனால் ஸ்ட்ரெங்த்காரர்களுக்கு இந்த விளையாட்டு ஒரு சலுகை வைத்திருக்கிறது பாருங்கள், அதற்காக எதையும் மன்னிக்கலாம். ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். 54 வைத்தால் 81; எண்பதைத் தாண்டியாயிற்று, 26 லெவல் மிச்சம். தேவைக்கும் இதே கணக்குதான்: 31 கேட்கும் கிரேட்ஸ்வோர்டை 21-லேயே தூக்கலாம், 19 கேட்கும் ஸ்வைஹாண்டருக்கு 13 போதும். ஸ்டார்ம்வெயில் கோட்டையில் அஃபினிட்டி மாற்ற உதவும் அயர்ன் வெட்பிளேடை எடுத்து, ஸ்ட்ரெங்த்தை மட்டும் நம்பும் ஹெவி அஃபினிட்டிக்கு மாற்றிவிட்டால், தூக்கத் தேவையானதற்கு மேல் டெக்ஸ் பக்கமே திரும்ப வேண்டாம். கைக்கு ஒன்றாக இரண்டு ஆயுதம் பிடித்து அடிப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

திரையில் தெரியும் மொத்த எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. மேஜிக், ஃபயர் அஃபினிட்டிகளில் டேமேஜ் இரண்டாகப் பிரியும், எதிரியின் தற்காப்பு ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாகக் கடிக்கும். தற்காப்பு 100 உள்ள எதிரியை முழுக்க உடல் டேமேஜாக 500 உள்ள வாளால் அடித்தால் 420 இறங்கும். அதே 500, பாதி உடல், பாதி மேஜிக் என்றால் ஒவ்வொரு பங்கிலும் 175, மொத்தம் 350. எதிரி மேஜிக்குக்குப் பலவீனமானவன் என்றால் கணக்கு திரும்பலாம். மந்திரத்துக்கான இன்டெலிஜென்ஸ் ஸ்டாட்டை ஏற்றுபவர்கள் அந்தக் கணக்கில்தான் பிழைக்கிறார்கள். இல்லையென்றால் மொத்த எண் சற்றுக் குறைந்தாலும் கீன் (டெக்ஸுக்கான அஃபினிட்டி) அல்லது ஹெவியே மேல். அவற்றில் கிரீஸ் (சிறிது நேரம் அடியைக் கூட்டும் பூச்சு) தடவவும் முடியும். மேஜிக் ஏறிய வாளில் அது ஒட்டாது.

இவ்வளவு கணக்கையும் கற்றுக்கொண்டு 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பாகத்துக்குள் போனால், அங்கே ஸ்காடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கவில்லை என்றால் உங்கள் 80 ஸ்ட்ரெங்த் எதிரியின் மேல் பட்ட மாதிரியே இருக்காது. 50 துண்டுகள், 20 நிலைகள். அந்த நிலத்தில் அடியையும் தாங்கும் சக்தியையும் அவைதான் ஏற்றுகின்றன. தேடித் திரிபவர்களுக்குப் பரிசு என்பது அழகான யோசனைதான். லெவல் ஏற்றியவனுக்குக் கடுப்பு வருவதும் இயல்புதான்.

ஆயுதங்களை மாற்றிப் பார்க்கவும், லார்வல் டியர் என்ற அரிய பொருளைக் கொடுத்து ரென்னாலா என்ற பாத்திரத்திடம் ஸ்டாட்டை மொத்தமாகக் கலைத்து அடுக்கவும் இவ்வளவு இடம் தரும் விளையாட்டு இந்த வகையில் அரிது. இரண்டு கையால் பிடித்த கிரேட்ஸ்வோர்டின் ஓர் அடியில் எதிரி சரியும் சுகத்துக்கு ஈடே இல்லை. மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. மிச்ச இரண்டரையை, பி-க்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடட்டும், தருகிறேன்.