2017 லேப்டாப் இன்னும் ஓடுகிறது: ஒரு டிடிபி கடைக்காரரின் அனுபவம்

கிருஷ்ணகிரியில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மாம்பழச் சீசனில் பெட்டிக்கு ஒட்டும் லேபிள், பட்டா சிட்டா பிரிண்ட், இப்படித்தான் வேலை. 2017-இல் வாங்கிய லேப்டாப் ஒன்றுதான் இன்றுவரை கடையைத் தாங்குகிறது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

கம்பெனிப் பெயர் வேண்டாம், கீல் அவ்வளவு மோசம். சில வருடங்களிலேயே மூலை பிளாஸ்டிக் விரிந்துவிட்டது. எம்-சீல் வைத்து ஒட்டியபின் மூடியை முழுசாக மூடுவதே இல்லை. பேட்டரி மாற்றியாகிவிட்டது. கீபோர்டில் எழுத்துகள் அழிந்துபோயின. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்துப் பழகிய கைக்கு அது ஒரு குறையில்லை.

ஆனால் அடிமூடியைக் கழற்றினால் ராமுக்கு ஸ்லாட் உண்டு, டிஸ்க்கையும் மாற்றலாம். கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் வாங்கிப் போட்டதுதான் இந்த மெஷினுக்கு நான் செய்த உருப்படியான செலவு. அதுவரை காலையில் ஆன் செய்துவிட்டு கடை கூட்டித் தண்ணீர் தெளித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்பிறகு கோரல்டிராவில் பெரிய ஃபிளெக்ஸ் டிசைன் திறந்தாலும் திணறவில்லை.

வேகத்தில் குறை இல்லை, சிக்கல் தேதியில் வந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கோடு போட்டது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பின்பாதியில்தான். என் லேப்டாப்பில் டிபிஎம் 2.0 இருக்கிறது, தலைமுறை எண்தான் ஒன்று குறைகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீள்கிறது. முன்பெல்லாம் சிஸ்டம் இழுக்க ஆரம்பித்தால் மாற்றுவோம். இப்போது நன்றாக ஓடும் சிஸ்டத்துக்கு மருந்துப் பட்டையில் இருப்பதுபோல் காலாவதித் தேதி.

வேடிக்கை என்னவென்றால், போன் பக்கம் காற்று நேர் எதிராக அடிக்கிறது. என் பழைய ஆண்ட்ராய்டுக்கு இரண்டு வருடத்தோடு அப்டேட் நின்றது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கு ஏழு வருட அப்டேட் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. விலை உயர்ந்த மாடல்களுக்குத்தான், சரி. ஆனாலும் போன் கம்பெனிகள் ஆயுளைக் கூட்டி விற்கும் காலத்தில் கம்ப்யூட்டர் பக்கம் குறைகிறது.

சாஃப்ட்வேரில் வாடகைக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடோபி 2013-இல் மாதச் சந்தாவுக்கு மாறியது. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சிஎஸ்6-உடன் முடிந்தது. அதே அடோபி 2001-இல் வெளியிட்ட பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் என் கடையில் இன்னும் திறக்கிறது, அதில்தான் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதற்கு யூனிகோடு எழுத்து தெரியாது, அதனால் தெலுங்குப் பத்திரிகை வந்தால் மட்டும் வேறு சாஃப்ட்வேருக்கு ஓட வேண்டும். எங்கள் ஊரில் அது அடிக்கடி வரும்.

பக்கத்து ஸ்டூடியோ அண்ணன் ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் லேப்டாப் வைத்திருக்கிறார். ஃபேன் கிடையாது, சூடும் அவ்வளவாக இல்லை, கல்யாண வீடியோவை அலுங்காமல் ஏற்றுமதி செய்கிறது. 2020-இல் ஆப்பிள் இன்டெலை விட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறியது வீண் விளம்பரமில்லை என்று அதைப் பார்த்துத்தான் நம்பினேன். ஆனால் ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் அன்று எடுத்த 8 ஜிபிதான் கடைசிவரை. இந்த வழக்கம் விண்டோஸ் லேப்டாப்களுக்கும் பரவிவிட்டது, குறிப்பாக மெல்லிசானவற்றுக்கு.

போதாக்குறைக்கு ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொள்வதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. சில்லறையில் குரூஷியல் ராம் விற்றுவந்த மைக்ரான், அந்தத் தொழிலையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. நம்மைப் போன்ற உதிரி வாடிக்கையாளர் இனி அவர்களுக்கு முக்கியமில்லை.

நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், அதே எஸ்எஸ்டியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் 22-ஐயும் ஏற்றிவிட்டேன். 2029 வரை அப்டேட் உண்டு. ஆன்லைன் விண்ணப்பம், மெயில் எல்லாம் அதில். பிரிண்டர் முதல் முயற்சியிலேயே பேசியது, ஸ்கேனர்தான் படுத்தியது. விண்டோஸ் 10 இன்டர்நெட் இல்லாமல் டிசைனுக்கு மட்டும்.

ஒரு கடையில் புது லேப்டாப்பும் விசாரித்தேன். மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்கான பட்டனைக் காட்டினார்கள், ஏஐ வேகம் 40 டாப்ஸ் என்றார்கள். ராமைக் கழற்றி மாற்றலாமா என்று கேட்டேன். அடிமூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் சார், ஆனால் திறந்தால் வாரண்டி போய்விடும் என்றார் பையன். வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன்.