நடைமுறைக் கணக்கோடு ஏழு வருடம்

போன கிழமை மச்சாள் வந்திருந்தார். இடியப்பம் அவித்து மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதிக் கடைகளுக்குப் போடுகிறவர். கடைக்காரர்கள் இப்போது காசைக் கணக்குக்கே அனுப்புகிறோம் என்கிறார்களாம். “உங்களப் போல நானும் நடைமுறைக் கணக்கே திறக்கட்டா?” என்று கேட்டார். நடைமுறைக் கணக்கு என்றால் செக் எழுதக்கூடிய வங்கிக் கணக்கு (current account). வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் வாடிப்போனது. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். 2019இல் கணக்குத் திறக்கப் போனபோது, தொழில் என்றால் நடைமுறைக் கணக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு வட்டி கிடையாது என்பது தெரியும். தெரிந்திருந்தும் அது எவ்வளவு பெரிய விசயம் என்று அப்போது உறைக்கவில்லை. 2022இல் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி போனது. அந்த மாதங்களில் கலியாண ஓடர்களுக்கு வாங்கிய முற்பணம் என் கணக்கில் ஒரு சதம் வட்டி இல்லாமல் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் எரிகிறது.

அதைவிடக் கோபம், மீதி குறைந்தால் கழிக்கிற காசு. என் கணக்கில் 10,000 ரூபாவுக்குக் கீழே போனால் மாதம் 500 ரூபா போய்விடும். சித்திரை வருடப்பிறப்பு முடிந்தால் தையல் குறைவு, மீதியும் இறங்கும். ஒரு வருடம் அப்படி மூன்று மாதம் தொடர்ந்து கழித்திருந்தார்கள். ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. கிளைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த பிள்ளை பொறுமையாக நான் கையெழுத்து வைத்த படிவத்தை எடுத்து, அந்த வரியைக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். அதற்காக என் கோபம் ஆறவில்லை. 1,500 ரூபா எனக்கு மூன்று சட்டைத் தையல் கூலி.

மச்சாளுக்குச் செக் தேவையே இல்லை. காசு வர வேண்டும், அரிசி மா வாங்க எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சேமிப்புக் கணக்குப் போதும். கொஞ்சமாவது வட்டி வரும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். இதைக் கேட்டு வாங்க வேண்டும், மச்சாள், மறந்துவிடாதீர்கள். வங்கிக்கு ஏதும் நடந்தால் என்ற பயமும் அவருக்கு இருந்தது. வைப்புக் காப்புறுதி இரண்டு வகைக் கணக்குக்கும் ஒன்றுதான், ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை.

சரி, அப்படியென்றால் நான் ஏன் இன்னும் மூடவில்லை?

2022 கடைசியில் பள்ளிச் சீருடைத் துணி வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். விலை ஏறிக் கிடந்தது, எங்கேயும் கடன் இல்லை. வழமையாகத் துணி எடுக்கிற மொத்தக் கடைக்காரர், நாங்கள் ‘நானா’ (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும், “தங்கச்சி, செக் இருந்தா தாங்க, பொங்கல் கழிச்சுப் போடுறன்” என்றார். திகதி தள்ளிப் போட்டு எழுதிக் கொடுத்தேன். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தில் இரவிரவாகத் தைத்து, திகதிக்கு இரண்டு நாள் முன்பே காசைப் போட்டேன். செக் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நானா துணியைத் தந்துவிட்டுத்தான் திகதியைக் கேட்கிறார். கையில் காசில்லாத மார்கழியில் கடை நிறையத் துணி அடுக்கி வைக்கிற சந்தோசத்தை எந்த வட்டியும் எனக்குத் தராது.

மச்சாளோடு திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன், அவருக்குச் சேமிப்புக் கணக்குத் திறக்க. அப்படியே எனக்கு ஒரு புதுச் செக் புத்தகத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். பழையதில் இரண்டு துண்டுதான் மிச்சம்.