விண்டருக்கு ட்யூப்லெஸ் ரோடு சைக்கிள் டயர்: நாலு குளிர்காலம் ஓட்டிப் பாத்த அனுபவம்

நான் இருக்குறது லண்டனுக்குத் தெக்க, கிராய்டன்ல. வீட்லேர்ந்து கிளம்பினா கொஞ்ச நேரத்துலயே நார்த் டவுன்ஸ் மேடு ஆரம்பிச்சிடும், பிகின் ஹில், கட்ஹாம், வெஸ்டர்ஹாம், டாய்ஸ் ஹில், ஐட் ஹில்னு ஞாயித்துக்கிழமை காலைல எழுவது எம்பது கிலோமீட்டர் ஒரு சுத்து. நவம்பர் வந்தா கூட ஓட்டுறவங்கள்ல பாதிப்பேர் சைக்கிளை வீட்டுக்குள்ள நின்ன இடத்துலயே மிதிக்கிற டர்போ டிரெய்னர்ல மாட்டிருவாங்க, எனக்கு அது ஒத்து வரல, வெளிய போயே ஆகணும். அதனால நாலு விண்டரா ட்யூப்லெஸ்லதான் (உள்ள ட்யூப் இல்லாம டயருக்குள்ளயே நேரா காத்து நிக்கிற வகை) ஓட்டிட்டு இருக்கேன், மூணு விதமான டயர் பாத்தாச்சு, கத்துக்கிட்டத எழுதி வச்சா இந்த வருஷம் புதுசா மாத்துறவங்களுக்கு உதவும்னு தோணுச்சு.

முதல்ல இந்த ஊர் ரோடு எப்படின்னு சொல்லிடறேன், ஏன்னா டயர் தேர்வே அதுலதான் இருக்கு. நார்த் டவுன்ஸ் பூரா சுண்ணாம்புப் பாறை, அதுக்குள்ள சிக்கிமுக்கிக் கல்லு. ஆதிமனுஷன் கோடாலி செஞ்சான்ல, அதே கல்லுதான், உடைஞ்சா பிளேடு மாதிரி ஓரம் வரும். மழை பேஞ்சா மண்ணோட சேந்து ஓடி வந்து சந்து ரோட்டுல பரவிக் கிடக்கும். இதுக்கு மேல முள்ளு. இங்க வயலுக்கெல்லாம் உயிர்வேலி, ஹாதார்ன், பிளாக்தார்ன்னு முள்ளுச்செடிங்க, நம்ம கருவேல முள்ளுக்குக் கொஞ்சமும் சளைச்சதில்ல. பறவை கூடு கட்டுற காலம்னு மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைக்கும் விவசாயிங்க பொதுவா வேலிய வெட்டக்கூடாதுன்னு சட்டம், அதனால மொத்த வெட்டும் செப்டம்பருக்கு அப்புறம்தான் நடக்கும், டிராக்டர்ல மெஷின மாட்டி வெட்டிட்டுப் போனா ரோடு பூரா முள்ளு. சரியா நம்ம விண்டர் சீசன் ஆரம்பிக்கிற நேரம். ஈரத்துல வேற ரப்பர் சுலபமா வெட்டுப்படும், தண்ணி எண்ணெய் மாதிரி வேலை செஞ்சு கல்லு வழுக்கிட்டு உள்ள எறங்கிடும். கோடைல தட்டி விட்டுட்டுப் போற அதே கல்லு டிசம்பர்ல டயரைக் கிழிச்சிடும்.

முதல் விண்டர்ல நான் பண்ண தப்பு, கோடைக்கு ஓட்டுன லேசான, 28 மில்லிமீட்டர் அகல ரேஸ் டயரை அப்படியே விட்டது. டயருக்குள்ள ஊத்தி வைக்கிற, ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம், அதான் சீலண்ட், இருக்கே, அது பாத்துக்கும்னு நினைச்சேன். முள்ளு வரைக்கும் அது பாத்துக்குச்சு, உண்மைதான், வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் குத்தினதே தெரியும். ஆனா ஜனவரில ஒரு நாள் ஐட் ஹில் ஏறி முடிச்சு கொஞ்ச தூரம் போனதும் பின்னாடி புஸ்ஸுன்னு சத்தம், சீலண்ட் பூரா முதுகுல பீய்ச்சி அடிச்சிடுச்சு. பாத்தா நடுவுல அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு வெட்டு. ஓட்டைல சொருகி அடைக்கிற ப்ளக் போட்டேன் நிக்கல, ரெண்டாவது ப்ளக்கும் போட்டேன், காத்து அடிச்சவுடனே வெளிய தள்ளிடுச்சு. சரி ட்யூப் போட்டுரலாம்னு டயரைக் கழட்டப் பாத்தா பீடு, அதாவது ரிம்ல உக்கார்ற டயரோட ஓரம், ரிம்மை விட்டு அசையவே மாட்டேங்குது. வெளிய ரெண்டு டிகிரி, கையெல்லாம் மரத்துப் போச்சு, டயரை நெம்புற லீவர் ஒண்ணு ஒடைஞ்சு போச்சு, கடைசில செவனோக்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் அஞ்சாறு கிலோமீட்டர் பெடல்ல மாட்டுற க்ளீட் ஷூவோட உருட்டிட்டு நடந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணது இன்னைக்கும் என்னோட முதல் விதி: வீட்ல வெறும் கை விரலால கடைசி வரைக்கும் மாட்டவும் கழட்டவும் முடியாத டயர், அது எவ்வளவு நல்ல டயரா இருந்தாலும், எனக்கு விண்டர் டயர் இல்ல. ரிவ்யூல எல்லாரும் மிதிக்கிற சக்தில எத்தனை வாட் மிச்சம்னு அளக்குறாங்க, குளிர்ல ரோட்டோரம் உக்காந்து கழட்ட முடியுமான்னு சொல்ற ஆளு ரொம்பக் கம்மி.

ரெண்டாவது விண்டர்ல நேர் எதிர்ப்பக்கம் போயிட்டேன். ரொம்ப தடிமனா, கல்லு மாதிரி ரப்பரோட ஒரு டயர், "பஞ்சரே ஆகாது"ன்னு சொன்னாங்க, நிஜமாவே அந்த நாலு மாசமும் ஒரு பஞ்சர் இல்ல. ஆனா டாய்ஸ் ஹில் எறக்கத்துல, மரத்தடி, ஈர இலை, மெதுவாத்தான் வந்தேன், லேசா பிரேக் தொட்டதுக்கு முன் சக்கரம் நழுவி கீழ விழுந்துட்டேன். இடுப்புல பெரிய காயம், மூணு வாரம் சைக்கிள் இல்ல. விழுந்ததுக்கு அப்புறம்தான் இதைப் பத்தி உக்காந்து படிச்சேன். ரப்பர் கெட்டியா இருந்தா தேயாது, ஆனா குளிர்ல இன்னும் கெட்டியாகி ஈர ரோட்டப் பிடிக்காது. டயர் உழைக்கிறதுங்கறது மேல இருக்குற ரப்பர் கெட்டியா இருக்கறதுல இல்ல, அதுக்குக் கீழ இருக்குற துணி அடுக்குலயும் வெட்டுத் தாங்குற பெல்ட்லயும் இருக்கணும். மேல மெது, கீழ பலம். இது புரிஞ்சா கடைல பாதி டயரைத் தள்ளி வச்சிடலாம்.

மூணாவது விண்டர்லேர்ந்து இப்ப வரைக்கும் காண்டினென்டல் கிராண்ட் ப்ரீ 5000 ஏஎஸ் டிஆர், 32 மில்லி. 2023-ல வந்தது, ஏஎஸ்னா ஆல் சீசன், அவங்களோட ரேஸ் டயருக்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் வெயிட்டு, ரோட்டைத் தொடுற ட்ரெட் ரப்பர் ஜாஸ்தி, உள்ள வெக்ட்ரான்னு பலமான நாரால ஆன பெல்ட் உண்டு. சைடுல ஒளி பட்டா மின்னுற பட்டை ஒண்ணு சுத்தி வருது, டிசம்பர்ல இங்க நாலு மணிக்கு முன்னாடியே பொழுது சாஞ்சிரும், குறுக்கு ரோட்டுல வர்ற கார்க்காரனுக்கு ரெண்டு வட்டம் சுத்துறது பளிச்சுன்னு தெரியும், எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். முக்கியமா ஈரத்துல பிடிமானம். அதே டாய்ஸ் ஹில்லைப் பயந்து பயந்து எறங்குனவன் இப்ப நிதானமா நம்பிக்கையோட எறங்குறேன். என் ரிம்ல லீவர் இல்லாம கையாலேயே ஏறிச்சு, முதல் விதி பாஸ். பின் டயர் 5,400 கிலோமீட்டர்ல நடு தட்டையாகி ட்ரெட்ல இருக்குற தேய்மானக் குழி மறைஞ்சதும் மாத்தினேன், முன் டயர் இன்னும் ஓடுது. ரெண்டு விண்டர்ல ரோட்டோரம் நிக்க வேண்டி வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு ப்ளக்ல முடிஞ்சிடுச்சு. வேகம்னு பாத்தா விண்டர் டயர் எதுவுமே கோடை டயர் அளவுக்கு உருளாது, மட்கார்டு, ஜாக்கெட், எதிர்காத்துன்னு இருக்குறப்ப அத யாரு பாக்குறா.

இதுதான் ஒரே டயர்னு சொல்ல வரல. கூட ஓட்டுற தம்பி ஒருத்தர் பிரெல்லி சின்டுராட்டோ வச்சிருக்கார், அவரும் ரெண்டு விண்டரா திருப்தியாத்தான் இருக்கார். ரிம்முக்கு ரிம் பொருத்தம் மாறும், அதனால முடிஞ்சா உங்க ரிம்லயே மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க. ஹுக்லெஸ் ரிம்மா (ஓரத்துல டயரைப் பிடிக்கிற கொக்கி இல்லாதது) இருந்தா கட்டாயம் ரிம் கம்பெனியோட லிஸ்ட்டப் பாருங்க, அதுல 5 பாருக்கு மேல, அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல காத்து அடிக்கவே கூடாது, டயரும் ஹுக்லெஸ்ஸுக்குன்னு சொல்லியிருக்கணும். இதுல மட்டும் ரிஸ்க் எடுக்காதீங்க.

அகலம் பத்தி. ஃப்ரேம்லயும் மட்கார்டுலயும் இடம் இருந்தா 28 வேண்டாம், 30 இல்ல 32 போங்க. காரணம் சொகுசு மட்டும் இல்ல, சீலண்ட் கம்மி பிரஷர்லதான் ஒழுங்கா அடைக்கும். 80, 90 பிஎஸ்ஐ அடிச்சு வச்சா அடைக்கிறதுக்கு முன்னாடியே காத்து அதைத் துப்பிடும். நான் 74 கிலோ, 32 மில்லில முன்னாடி 50 பின்னாடி 54 போடறேன். ஒரு சின்ன கணக்கு, வீட்டுக்குள்ள 20 டிகிரில அடிச்சுட்டு வெளிய 0 டிகிரில போனா நாலஞ்சு பிஎஸ்ஐ தானா எறங்கும், அதனால சைக்கிள் குளிர்ல நிக்கிற ஷெட்லயே அளந்துக்கோங்க.

சீலண்ட்டப் பொறுத்தவரை, போட்டுட்டு மறந்துடறதுதான் எல்லாரும் பண்றது. அது லேட்டக்ஸ், காஞ்சு போயிடும். நான் அக்டோபர்ல ஒரு தடவை, டிசம்பர் கடைசில ஒரு தடவை, பிப்ரவரி கடைசில ஒரு தடவை, வால்வு கோரை (வால்வுக்குள்ள திருகி இருக்குற சின்ன அடைப்பான்) கழட்டி சிரிஞ்ச்ல விட்டுக்கறேன், முதல் தடவை 45 மில்லிலிட்டர், அப்புறம் 20, 20. கோர் அடைச்சுக்கும், ஸ்பேர் கோர் ரெண்டு பையில இருக்கட்டும், காசு ஒண்ணும் பெருசா இல்ல. ரோட்டுக்கு அடிக்கிற உப்பு வால்வு நட்டையும் பிடிச்சுக்கும், மாசத்துக்கு ஒரு தடவை அதைத் திருகி விட்டு கழுவிடுங்க, இல்லேன்னா அவசரத்துக்குக் கையால கழட்ட வராது.

மாட்டும்போது ரிம்முக்கு நடுவுல ஒரு பள்ளம் ஓடுது பாருங்க, ரகசியமே அதுதான். வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, பீட ரெண்டு கையாலயும் அமுக்கி அமுக்கி அந்தப் பள்ளத்துல விழ வச்சு, வால்வுகிட்ட வந்து முடிக்கணும். சோப்புத் தண்ணி தடவினா வழுக்கிட்டு ஏறும். காத்து பிடிக்கலேன்னா கோரைக் கழட்டிட்டு டேங்க் வச்ச பம்ப்ல ஒரே மூச்சா விட்டா டப் டப்னு உக்காந்துரும்.

இன்னொண்ணு, இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லல. போன டிசம்பர்ல கூட வந்த ஒருத்தருக்குப் பெரிய வெட்டு, ட்யூப் போட்டோம், பத்து நிமிஷத்துல காத்து போச்சு, இன்னொரு ட்யூப், அதுவும் போச்சு. கையை விட்டுத் தடவிப் பாத்தா உள்பக்கம் ஏழு முள்ளு நீட்டிட்டு நிக்குது. மாசக் கணக்கா குத்தினதெல்லாம் சீலண்ட் அடைச்சு வச்சிருந்திருக்கு, அவருக்குத் தெரியவே இல்ல. ட்யூப்லெஸ் டயர்ல ட்யூப் போடறதுக்கு முன்னாடி உள்பக்கம் பூரா துணியால துடைச்சு, விரலை வெட்டிக்காம மெதுவா தடவி, ஒவ்வொரு முள்ளையும் சின்ன இடுக்கியால பிடுங்கணும். அந்த இடுக்கி இப்ப என் பையில நிரந்தரமா இருக்கு, கூடவே ரெண்டு டிபியு (லேசான பிளாஸ்டிக்) ட்யூப், தடி ப்ளக், கை பம்ப், ஒரு ஜோடி ரப்பர் கையுறை, அந்தக் கையுறை இருந்தா சீலண்ட்டும் கைல ஒட்டாது விரலும் அவ்வளவு சீக்கிரம் மரக்காது.

இந்த அக்டோபர் கடைசில புதுசு ஒண்ணு வாங்கியாச்சு. புதுச முன்னாடி போட்டுட்டு இப்ப முன்னாடி இருக்குறத பின்னாடி மாத்தப் போறேன், வழுக்கினா ஆளைக் கீழ தள்றது முன் சக்கரம்தான். இப்பவே கட்ஹாம் பக்கம் வேலி வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க, போன ஞாயிறு வீட்டுக்கு வந்து கழுவும்போது மூணு முள்ளு பிடுங்கினேன்.