கம்பெனி கழித்த லேப்டாப்பா, பெட்டி பிரிக்காத மலிவு லேப்டாப்பா?

மேலை நாடுகளில் இலை உதிரும் காலத்தில் கணினி நிறுவனங்கள் பல புதுச் சரக்கை அறிவிக்கும். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ரப்பர் இலை உதிர்வது பிப்ரவரி, மார்ச்சில். அக்டோபர் என்றால் மாலை மழை, இடி, தீபாவளிக் கூட்டம். 2025 அக்டோபரில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது.

“அண்ணே, இனிமே இது ஓடாதா?” என்று பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள்தாம் வராது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் பேக்கப்பைப் போட்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிந்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை அந்தத் திருத்தங்களை இலவசமாகவே பெறலாம். கையில் காசு இல்லாதவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டி இரண்டு வழி உண்டு. ஒன்று, பெட்டி பிரிக்காத மலிவு லேப்டாப். மற்றது, அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலீட்புக் வகை. படிவம் ஆறில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இருக்கும் என் மகளுக்கு நான் எடுத்தது இரண்டாவது வகை, திங்க்பேட் டி480. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது தெரிந்திருக்கும்.

புதியதன் நன்மைகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடை குறைவு, கீறல் இல்லை, ஒரு வருட உத்தரவாதம். பிள்ளைக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தோம் என்ற மனநிறைவும் சின்ன விஷயமில்லை. வேகத்தில் பழையது பெரும்பாலும் முந்தும் என்றாலும் கெர்ஜா குர்சுஸ் என்ற பாடப் பணியின் தட்டச்சுக்கும், கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தள வகுப்புக்கும் இரண்டும் போதும்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு. கெட்டுப்போனால் திருத்த முடியுமா?

மலிவு வகையில் பலவற்றில் ரேம் என்ற தற்காலிக நினைவகம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 4 ஜிபி என்றால் ஆயுசுக்கும் 4 ஜிபிதான். சேமிப்பும் இஎம்எம்சி என்ற சில்லாக அதே போர்டில் ஒட்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்து அக்கா ஒருவர், மாதத் தவணையில், மகனுக்காக அப்படி ஒன்றை என்னிடம் வாங்கினார். பதினான்காம் மாதம் அந்தச் சில் செத்தது. உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மதர்போர்டை மாற்றச் சொன்ன விலை, வாங்கிய விலையில் பாதிக்கு மேல். தவணை இன்னும் முடியவில்லை. நான் விற்ற பொருள் அது. அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

டி480இல் அப்படி இல்லை. பின்பக்க பேட்டரியை இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றலாம். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பதால் மாற்றும்போதுகூட அணையாது. ரேமுக்கு இரண்டு இடம், சேமிப்புக்கான எஸ்எஸ்டி தனி. எல்லாம் ஒரு ஸ்குரூ டிரைவர் வேலை. எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இடி. மழைக்காலத்தில் கடைக்கு அதிகம் வருவது கருகிய அடாப்டர்கள். டி480, 65 வாட் யூஎஸ்பி-சி அடாப்டரில் சார்ஜ் ஆகும். ஈப்போவுக்கு ஓடாமல் இங்கேயே வாங்கிவிடலாம். குறையும் உண்டு. அந்த யூஎஸ்பி-சி துளை போர்டிலேயே பற்றவைத்தது, இழுத்து ஆட்டினால் கெடும். அந்தத் துளைக்கான தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்த மென்பொருள்) புதுப்பித்திருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

பழையது வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்றுதான். டி470ம் டி480ம் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். லேட்டிட்யூட் 7480ம் 7490ம் அப்படித்தான். ஆனால் டி470இலும் 7480இலும் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசசர் அல்லது அதற்கும் பழையது. விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. விண்டோஸ் 10 நின்ற பிறகு அந்தச் சரக்குதான் மலிவாகக் குவிகிறது. சிஸ்டம் தகவலைத் திறந்து ஐ5க்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். 7200, 7300 என்றால் வேண்டாம். 8250, 8350 என்றால் சரி, பிராசசரின் கோர்களும் (வேலை செய்யும் பகுதிகள்) இரண்டிலிருந்து நான்காகிவிடும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

என் அனுபவம் இரண்டு வருடம்தான். நான் விற்ற பழையவற்றில் பேட்டரியும் கீபோர்டும் போயிருக்கின்றன, போர்டு போனதில்லை. ஐந்து வருடம் தாங்கும் என்று வாக்குத் தர மாட்டேன். எட்டாம் தலைமுறையை மைக்ரோசாஃப்ட் எப்போது கைவிடும் என்பதற்கும் நான் பொறுப்பேற்க முடியாது. புதியவற்றில் இன்டெல் என்100 பிராசசரோடு, 8 ஜிபி ரேமும் கழற்றக்கூடிய எஸ்எஸ்டியும் உள்ளவை வந்திருக்கின்றன. மூன்றுதான் விற்றிருக்கிறேன், எதுவும் இன்னும் பழுதுக்குத் திரும்பவில்லை. புதியதுதான் வேண்டும் என்றால் அந்த வகையில் பாருங்கள். காசு கொடுக்குமுன் அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் கடையில் கேட்டால் திறந்து காட்டுவேன்.

அந்த அக்காவின் மகனுக்குப் போன மாதம் ஒரு டி480 கொடுத்தேன். பழைய தவணையின் மிச்சத்தை நான் கேட்கவில்லை.