240 டாலர் போயிற்று: பித்தளை என்று நம்பி வாங்காதீர்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று மாலைதான் தெரிந்தது.

நான் குடியிருப்பது பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கைவினைஞர்கள் நெடுந்துப்பாக்கி செய்து பேர் வாங்கிய வட்டாரம். குழல்வாயில் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் அந்த வகையில் ஒன்றைக் கையாலேயே செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கான பித்தளை உறுப்புகளை இணையச் சந்தை ஒன்றில் வாங்கினேன்: துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அடித்தகடு, விசையைக் காக்கும் வளைவு, கெட்டிக்கும் கோலைச் செருகும் குழாய்கள், கட்டையிலுள்ள சிறு பெட்டிக்கு மூடி. மொத்தம் 240 டாலர்.

விற்றவர் முதலில் கேட்டதே, "எந்த ஊர்ப் பாணி?" என்றுதான். சொன்னேன். "லான்காஸ்டர் என்றால் பித்தளைதான். இரும்பெல்லாம் தெற்கு மலைப்பகுதித் துப்பாக்கிக்கு. மூடியில் டெய்சிப் பூ இருக்கட்டும், ஜேக்கப் டிக்கர்ட் காலத்து வேலைபோல" என்றார். டிக்கர்ட் அந்தக் காலத்து லான்காஸ்டர் துப்பாக்கிக் கைவினைஞர். அத்தனையும் சரி. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அங்கேதான் விழுந்தேன்.

மேப்பிள் கட்டை வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. நேற்றுத்தான் அடித்தகட்டைப் பட்டறைப் பிடியில் இறுக்கி அரம் போட்டேன். பித்தளைத் தூள் பொன்னாக உதிரும். இது நாலாவது இழுப்பிலேயே பல்லிளித்துவிட்டது. மஞ்சள் தோலுக்குக் கீழே சாம்பல் நிறம்; தூள் அரத்தின் பற்களில் பிசினாக அப்பிக்கொண்டது. துத்தநாகக் கலவைக்கு முலாம்!

விற்றவரிடம் கேட்டேன். "பழம்பொருள் நிறம் அப்படித்தான்" என்றார். படம் அனுப்பினேன். "அரம் போட்ட பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்றார். வார்ப்பு முரடாகத்தான் வரும், அரம் போடாமல் எவரும் கட்டையில் பொருத்த முடியாது. அரம் போட்டால்தான் மோசடி தெரியும். போட்டுவிட்டால் பணம் கிடையாது! சந்தைக்காரர்களிடம் போனேன். 30 நாள் கடந்துவிட்டதாம். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே வரி. 240 டாலர்!

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. காந்தத்தை நம்பாதீர்கள், துத்தநாகத்திலும் அது ஒட்டாது. பொட்டலம் வந்த அன்றே, கட்டைக்குள் மறையும் பக்கத்தில் ஓர் இழுப்பு அரம் போட்டுப் பாருங்கள். அரம் போட்டாலும் திரும்ப வாங்குவதாக எழுத்தில் தராதவரிடம் ஒரு திருகாணிகூட வாங்காதீர்கள்.