இன்சூரன்ஸ் டெஸ்க் சொல்றதை நம்பி ரூம் எடுத்துடாதீங்க, எங்களுக்கு 1,07,500 ரூபாய் போச்சு

இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டிடுற கேஷ்லெஸ் பாலிசி கைல இருந்தும் 1,07,500 ரூபாய் கட்டிட்டு இப்பதான் அம்மாவை வீட்டுக்கு கூட்டிட்டு வந்திருக்கேன். ஆத்திரம் அடங்கல, அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னுதான் உட்காந்திருக்கேன். அம்மாவுக்கு பித்தப்பைல கல்லு, லேப்ராஸ்கோப்பில எடுத்தாச்சு, நல்லா இருக்காங்க, ஆபரேஷன் பண்ண டாக்டர் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. என் கோபமெல்லாம் அந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க் மேலயும், பில்லுல பாதியை வெட்டிட்டு நாலு வரில மெயில் போட்ட கம்பெனி மேலயும்தான். பேர் போடல. ஊருக்கு ஊர் கிளை வச்சிருக்குற பெரிய மல்டி ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி, அவ்ளோதான் சொல்வேன். நீங்க மாட்டிக்காம இருக்க என்ன பண்ணணும்னு கடைசில எழுதுறேன், முழுசா படிங்க.

பாலிசி 3 லட்சம். அப்பா இருக்கும்போது எடுத்தது, வருஷம் தவறாம ப்ரீமியம் கட்டிருக்கோம், இதுவரைக்கும் க்ளெய்ம்னு ஒரு ரூபா வாங்குனதில்ல. அட்மிஷன் போட்ட ராத்திரி அம்மா வலில சுருண்டு கிடக்குறாங்க, நான் கார்டை எடுத்துட்டு டெஸ்குக்கு ஓடுறேன், அங்க இருந்த பொண்ணு கார்டை வாங்கி கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு ரொம்ப பாசமா பேசுச்சு. ரெண்டு பேர் இருக்குற ஷேரிங் ரூமே போதும்மான்னு நான்தான் சொன்னேன். "வேணாம் சார், ஆபரேஷன் முடிஞ்சு அம்மாவுக்கு இன்ஃபெக்ஷன் வந்துடக்கூடாது, சிங்கிள் ஏசி போட்டுடுறேன், உங்க பாலிசில எல்லாம் வந்துடும்"னு சொல்லுச்சு. எல்லாமே வருமான்னு திரும்பவும் கேட்டேன். "கேஷ்லெஸ்தானே சார், நாங்க பார்த்துக்குறோம், நீங்க போய் அம்மாவைப் பாருங்க." அந்த நேரத்துல அந்த வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா, காட்டுன இடத்துலலாம் கையெழுத்து போட்டுட்டு மேல ஓடிட்டேன்.

இப்ப யோசிச்சா வயிறு எரியுது. கேஷ்லெஸ் கேட்டு அனுப்புற ப்ரீ ஆத் ஃபார்ம்ல ஒரு நாள் ரூம் வாடகை எவ்வளவுன்னு எழுதுறதே ஆஸ்பத்திரிதான். எந்த பாலிசில என்ன லிமிட்டுன்னு பார்க்குறதுதான் அந்த டெஸ்க்ல உட்காந்திருக்குறவங்க வேலையே. எங்க பாலிசில ரூம் லிமிட் சம் இன்ஷூர்டுல, அதாவது அந்த 3 லட்சம் பாலிசி தொகைல, 1%, ஒரு நாளைக்கு 3,000. அவங்க போட்டுக் கொடுத்த ரூம் 6,000.

சரி, மேல இருக்குற 3,000 மட்டும் நம்ம தலைல விழும்னுதானே யாரும் நினைப்போம்? அப்படி இல்லைங்க. ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. லிமிட்டுக்கு டபுளா ரூம் எடுத்தா சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாத்துலயும் பாதிதான் தருவாங்க. அதுலயும் கொடுமை என்னன்னா நிறைய ஆஸ்பத்திரில ரூம் பெருசானா டாக்டர் ஃபீஸும் சேர்ந்து ஏறும். அதே டாக்டர், அதே தியேட்டர், அதே ஆபரேஷன், ஆனா சிங்கிள் ஏசில படுத்திருக்குறவங்களுக்கு ஒரு ரேட், ஷேரிங்ல இருக்குறவங்களுக்கு ஒரு ரேட். ரூமை மாத்தி விட்டதுல அவங்களுக்கு என்ன லாபம்னு இப்ப புரியுதா?

டிஸ்சார்ஜ் அன்னிக்கு காலைலயே டாக்டர் போலாம்னுட்டார். ஃபைனல் அப்ரூவல் வரணும் வெயிட் பண்ணுங்கன்னு பொழுது சாயுற வரைக்கும் உட்கார வச்சாங்க. டிஸ்சார்ஜ் ரிக்வெஸ்ட் வந்து 3 மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி முடிச்சுக் கொடுக்கணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்குற அரசு அமைப்பு ஐஆர்டிஏஐ 2024 மே மாசமே சர்குலர் போட்டாச்சு, அதுக்கு மேல லேட்டாகி ஆஸ்பத்திரி எக்ஸ்ட்ரா சார்ஜ் போட்டா அதைக் கம்பெனிதான் ஏத்துக்கணும். யார் மதிக்குறா?

மெயில் வந்துச்சு. மொத்த பில் 2,08,500, அப்ரூவ் ஆனது 1,01,000. மீதி 1,07,500 கவுன்டர்ல கட்டுனாத்தான் கேட் பாஸ்னுட்டாங்க. ரூம் வாடகை 24,000ல 12,000 கட். டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,16,000ல 58,000 கட். க்ளவுஸ், அட்மிஷன் கிட், ஃபைல் சார்ஜ்னு 6,500 மொத்தமா கட். இதோட விட்டாங்களா, மருந்து, லேப், ஸ்கேன் 62,000லயும் பாதி, 31,000 கட்!

இந்த 31,000 சுத்த அநியாயம். மருந்து, கன்சியூமபிள்ஸ் (சிரிஞ்ச் மாதிரி யூஸ் பண்ணிட்டு போடுற சாமான்), உடம்புக்குள்ள வைக்குற இம்ப்ளான்ட், டெஸ்ட் இதுலலாம் ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன் பண்ணக்கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2020லயே சொல்லிடுச்சு. ஐசியு சார்ஜ்லயும் பண்ணக்கூடாது. ரூமுக்கு ரூம் ரேட் மாறாத ஆஸ்பத்திரியா இருந்தா இந்த கட்டே போடக்கூடாது. நம்மள்ல எத்தனை பேருக்கு இது தெரியும், தெரியாதுன்னு தைரியத்துலதானே வெட்டுறாங்க.

டெஸ்குக்குப் போனா அந்தப் பொண்ணு இல்ல, வேற ஒருத்தர். "ரூம் நீங்க கேட்டுத்தானே சார் கொடுத்தோம், கையெழுத்து இருக்கே"ங்குறார். பில்லிங்ல கேட்டா டிபிஏ (கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்குற ஏஜென்சி) கிட்ட பேசுங்க. டிபிஏக்கு போட்டா நாங்க ப்ராசஸ் மட்டும்தான் பண்றோம், கம்பெனியக் கேளுங்க. கம்பெனி டோல் ஃப்ரீல பாட்டு ஓடுது, ஓடுது, கடைசில ஒரு அம்மா எடுத்து "பாலிசி டெர்ம்ஸ்படிதான் சார் கட் ஆயிருக்கு, ஆஸ்பத்திரில கேளுங்க". 2020 ரூலைச் சொன்னேன், ஹோல்ட்ல போட்டாங்க, லைன் கட் ஆயிடுச்சு. பந்து மாதிரி ஆளாளுக்கு எத்தி விட்டுட்டே இருந்தாங்க, அம்மா வீல் சேர்ல லாபில உட்காந்துட்டு "என்னாச்சு தம்பி, காசு பத்தலையா"ன்னு கேட்குறாங்க. ஆபரேஷன் ஆன வயித்தைப் பிடிச்சுட்டு கேட்க வேண்டிய கேள்வியா அது? தங்கச்சி வளையலைக் கழட்டிக் கொடுத்தா, மச்சான் கொண்டு போய் அடகு வச்சுட்டு வந்தார். 1,07,500.

விடப்போறதில்ல. கம்பெனில புகார் பார்க்குற க்ரீவன்ஸ் ஆபீசருக்கு மெயில் போட்டாச்சு. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் கிட்ட போவேன், ஃபீஸும் கிடையாது வக்கீலும் தேவையில்ல, கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். ஆஸ்பத்திரி மேல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல தனியா போடப்போறேன். காசு வாங்கிட்டு வைத்தியம் பார்க்குற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லியாச்சு.

நிறைய எழுதணும்னு நினைச்சேன், அம்மாவுக்கு மருந்து கொடுக்குற நேரமாச்சு, அவசரமா சொல்லிடுறேன். இன்னிக்கே உங்க பாலிசில ரூம் லிமிட் எவ்வளவுன்னு பாருங்க, கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்னு ரெண்டு மூணு பக்கம் இருக்கும், அதுல போட்டிருக்கும், கிடைக்கலன்னா கம்பெனி கிட்ட கேட்டு வாங்குங்க. டெஸ்க்ல "எல்லாம் வரும்"னு சொன்னா நம்பாதீங்க, வாட்ஸப்லயோ மெயில்லயோ எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா ரூமை மாத்துங்க. லிமிட்டுக்குள்ள ரூம் இல்லன்னு சொன்னா அதையும் எழுதி வாங்குங்க. ஐட்டம் வாரியா பில் வாங்காம கிளம்பாதீங்க, மருந்துலயும் டெஸ்ட்லயும் கட் பண்ணிருந்தா சும்மா விடாதீங்க. ஐஆர்டிஏஐ நம்பர் 155255, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. யார் வீட்டுலயாவது அட்மிஷன் இருந்தா இதை இப்பவே அனுப்பிடுங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு படிச்சு புண்ணியம் இல்ல.