ஐப்பசியில் திராட்சைத் தோட்டம்: நந்தி மலைப் பக்கமா, சன்னபட்டணாவா?

தீபாவளி லீவுக்கு ஊரிலிருந்து பெங்களூருக்கு வருகிறவர்கள் இப்போது ஒயின் தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்ப இரண்டு இடங்கள் உண்டு. வடக்கே, நந்தி மலையை ஒட்டிய தொட்டபள்ளாபுரத்தில் குரோவர் ஜம்பா. தென்மேற்கே, மைசூர் ரோட்டில் சன்னபட்டணாவில் டொமைன் சூலா. ஹம்பிப் பக்கமும் தோட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அது ஒரு நாளில் முடிகிற தூரம் இல்லை.

எங்கே போனாலும் ஒன்று: அக்டோபரில் பழம் தொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பாவில் அது அறுவடைக் காலம். இங்கே குளிர் அந்த அளவுக்கு இல்லாததால் கொடி முழுசாகத் தூங்குவதே இல்லை. கவாத்துதான், அதாவது கிளையை வெட்டிவிடுவதுதான், அதற்குக் காலத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்கான கவாத்து. ஒயின் திராட்சையை அறுப்பது தை, மாசி வாக்கில்தான்.

பழம் இல்லாவிட்டாலும் வெட்டிய கொடி துளிர்ப்பதைப் பார்க்கலாம், அதனால்தான் ஐப்பசியில் என் ஓட்டு நந்திப் பக்கத்துக்கு. கன்வல் குரோவர் பிரெஞ்சு ரகங்களைக் கொண்டுவந்து 1988-ல் தொடங்கிய தோட்டம் அது. போன வருஷம் கம்பத்திலிருந்து வந்த மச்சானோடு போயிருந்தேன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே வளர்ந்தவர். இங்கே பந்தல் இல்லை, கம்பி கட்டி வரிசை வரிசையாகக் கொடியை நிறுத்தியிருக்கிறார்கள். வெட்டிய குச்சி ஒன்றைக் குனிந்து பார்த்தார். நுனியில் கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு நின்றது. “வேர் தண்ணி இழுக்குது மாப்ள. இன்னும் பத்து நாள்ல துளிர்த்துரும்” என்றார். பக்கத்து வரிசையில் துளிர் வந்தேவிட்டது, ஓரமெல்லாம் லேசான ரோஸ் நிறம். பழம் தொங்கும் மாதங்களில் இதைப் பார்க்கவே முடியாது.

அப்புறம் பீப்பாய் அறை. லா ரிசர்வ் என்ற சிவப்பு ஒயினைப் பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். மரவாசனை குடிப்பவருக்கு முதல் மடக்கிலேயே தெரியும். வழியில் தேவனஹள்ளிப் பக்கம் பந்தலில் படர்ந்திருப்பது வேறு ஜாதி, பெங்களூர் புளூ. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம். வருஷத்துக்கு இரண்டு போகம் காய்க்கும். ஜூஸுக்கும் இனிப்பான போர்ட் ஒயினுக்கும் போவது அதுதான். காரை நிறுத்தி, இந்தப் பந்தல் கொடியை ஒயின் தோட்டத்துக் கொடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சன்னபட்டணா, குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வரும்போது சரி. முன்பு ஹெரிட்டேஜ் என்ற பெயரில் இருந்த ஒயினரி அது. சுற்றிக்காட்டுகிறார்கள், சுவைக்கத் தருகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடவும் இடம் உண்டு. குடிக்காத அத்தைக்கு அரக்குப் பூசிய மர பொம்மைக் கடைகள் போதும், அரை நாள் ஓடிவிடும். மைசூர் ரயில் அங்கே நிற்கும், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்கலாம். குடித்துவிட்டு யார் வண்டி ஓட்டுவது என்ற பேச்சே வராது. நந்திப் பக்கம் போனால் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

ஐப்பசி மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் பிடிக்கும், அதனால் காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே போவதானால் அக்டோபர் 2 மட்டும் வேண்டாம், அன்று ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள்.